குளிரும் சூடும் தேர்ந்தெடுத்தவை: பாலாடைக்கட்டியைக் கெடுக்கும் பாக்டீரியாக்களும் அவற்றின் மரபணு வாசிப்பும்

உணவு கெடுவதைக் குறிக்கத் தமிழில் ஒரு வினைச்சொல் போதவில்லை. பால் திரிகிறது, மாவு புளிக்கிறது, சாம்பார் ஊசிப்போகிறது, நெய்யும் எண்ணெயும் காறுகின்றன, ஊறுகாய் பூசணம் பூக்கிறது. மூக்கையும் நாக்கையும் மட்டுமே கருவியாகக் கொண்ட சமையலறை அறிவு இவற்றை ஒன்றோடொன்று குழப்புவதில்லை என்பதும், இந்த வினைகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு தனி வேதிமாற்றத்துக்குப் பெயராக நிற்கிறது என்பதும் கவனிக்கத்தக்கவை. புளித்தலில் சர்க்கரை அமிலமாகிறது. திரிதலில் பாலின் புரதம் நீரிலிருந்து பிரிந்து கட்டியாகிறது. காறலில் கொழுப்பு உடைந்து சிறு கொழுப்பமிலங்கள் வெளிப்படுகின்றன. ஊசுதலில் நுண்ணுயிர்கள் பெருகி உணவு கொழகொழத்து, சில வேளை நூல் நூலாக இழுக்கிறது. எந்தப் பொருள் எந்த வினைக்கு ஆளாகும் என்பதை அந்தப் பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. அதைக் காக்க மனிதர் கையாளும் முறையும் அதில் பங்கு கொள்கிறது. காய்ச்சினாலும் குளிரவைத்தாலும் நாள்பட முதிரவைத்தாலும், அந்தந்தக் காப்புக்குத் தப்பும் உயிர் ஒன்று இருக்கவே செய்கிறது. பாலாடைக்கட்டியைக் கெடுக்கும் பாக்டீரியாக்களின் மரபணுத்தொகுதியை முழுமையாக வாசிக்கும் ஆய்வுகள் கடந்த சில பத்தாண்டுகளில் வெளிக்கொணர்ந்தவற்றை, இப்படித் தப்பியவற்றின் வரலாறாகப் படிக்க முடியும்.

அதற்கு முன், இந்நிலத்தார் பாலைக் காத்த வழியைப் பார்க்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், பாலாற்றின் கரையில் அமைந்த ஓரிக்கை என்ற ஊருக்கு அப்பெயர் வந்த கதை வைணவ மரபில் நன்கு அறியப்பட்டது. பல்லவ மன்னனால் நாடு கடத்தப்பட்ட தம் சீடர் கணிகண்ணனுடன் திருமழிசையாழ்வாரும், அவர்களைப் பின்தொடர்ந்து பெருமாளும் காஞ்சியை விட்டு வெளியேறி ஓர் இரவு தங்கிய இடம் ஆதலால் ‘ஓரிரவு இருக்கை’ என்றாகிப் பின் ஓரிக்கையாகச் சுருங்கியது என்பர். ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தை எவ்வாறு மதிப்பிட்டாலும், பாலைப் பொறுத்தவரை ஓரிரவு என்பது இவ்வட்டாரத்தில் ஒரு முக்கியமான கால அளவு. தொண்டை மண்டலத்தின் வெக்கையில், மாலையில் கறந்த பால் காய்ச்சப்படாமல் இருந்தால் விடியும்வரை பாலாக இருப்பது அரிது. காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றினால் அதே இரவில் அது தயிராகிறது. தயிரைக் கடைந்து வெண்ணெயும், வெண்ணெயை உருக்கி நெய்யும் எடுப்பதே இந்நிலத்தார் பாலை நாள் கடத்திய வழி. கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்கத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகளைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று விட்ட சோழர் காலக் கல்வெட்டுகள், பால் நெடுநாள் நிற்கும் பொருளாக மாறி ஒரு பொருளாதாரத்தையே தாங்கியதற்குச் சான்று. நீர் ஏறத்தாழ முழுவதும் நீங்கிய நெய்யில் பாக்டீரியா வளர வழியில்லை. நெய்யைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றும் ஒளியும்தான்.

பாலாடைக்கட்டி இந்த வரிசையில் இடம்பெறவில்லை. முதிரும் வகைப் பாலாடைக்கட்டிகளுக்குப் பல மாதங்கள் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் அளவிலான குளிர் நிலவறை வேண்டும் என்பது ஒரு காரணம். கொடைக்கானல், நீலகிரி போன்ற மலைப்பகுதிகள் தமிழ்நாட்டில் பாலாடைக்கட்டித் தொழிலுக்கு இடமானதும் இதனால்தான். இன்னொரு காரணம் மனப்பாங்கு சார்ந்தது. பால் பொங்குவது மங்கலமாகவும் திரிவது அமங்கலமாகவும் கருதப்படும் வீடுகளில், பாலை வேண்டுமென்றே திரிப்பதை ஒரு தொழிலாக எண்ணிப் பார்ப்பது எளிதாக இருந்திருக்காது. இன்று அந்தத் தயக்கம் போய்விட்டது. வட இந்தியாவிலிருந்து வந்த பனீர், தமிழில் நெடுங்காலமாக ரோஜா நீரைக் குறித்துவந்த ‘பன்னீர்’ என்னும் சொல்லையே உணவகப் பட்டியல்களில் எடுத்துக்கொண்டுவிட்டது. சிற்றூர்ச் சாலையோர உணவகம்வரை பரவிய இந்தப் பொருள், முதிராத புதுப் பாலாடைக்கட்டி வகையைச் சேர்ந்தது. ஆகவே, தமிழ்நாட்டில் பாலாடைக்கட்டி கெடுவதைப் பற்றிய பேச்சு நடைமுறையில் முதலில் பனீரைப் பற்றியதாகவே இருக்கும்.

பனீர் செய்யும் முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன்தரும். பால் 85 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ சூடாக்கப்பட்டு, சற்று ஆறி 70 டிகிரி அளவுக்கு வந்ததும், சிட்ரிக் அமிலக் கரைசல் மெல்ல ஊற்றப்படுகிறது. வெள்ளைத் திரளும் பச்சை கலந்த மஞ்சள் நிறத் தெளிநீரும் பிரிந்ததும், திரள் துணியிட்ட சட்டத்தில் வடிக்கப்பட்டு எடை வைத்து அழுத்தப்படுகிறது. இறுகிய பாளம் குளிர்ந்த நீர்த்தொட்டியில் இரண்டு, மூன்று மணி நேரம் மூழ்கவிடப்படுகிறது. இந்தக் குளியல்தான் பனீருக்கு வெட்டினால் உதிராத உறுதியைத் தருகிறது. பின்னர் பாளம் எடுக்கப்பட்டு, நீர் வடிக்கப்பட்டு, துண்டிடப்பட்டு உறையிலிடப்படுகிறது. சூடேற்றும்போது பாலில் இருந்த பாக்டீரியாக்களில் மிகப் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன. வெப்பத்தைத் தாங்கும் வித்துகளாக, அதாவது ‘ஸ்போர்’ எனப்படும் உறங்கும் நிலையில் இருப்பவை மட்டும் எஞ்சுகின்றன. அதன்பின் பனீரைத் தொடும் துணி, சட்டம், கத்தி, கை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குளிர்நீர், இவற்றில் எதற்கும் அத்தகைய சூடு காட்டப்படுவதில்லை. பாதிக்கு மேல் நீரும், நிறைந்த புரதமும் கொழுப்பும், மிதமான புளிப்பும் கொண்ட, போட்டிக்கு வேறு நுண்ணுயிரில்லாத ஒரு பரப்பு, முதலில் வந்து சேர்பவருக்குத் திறந்து கிடக்கிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு நாளும் குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ ஒரு வாரமும் என்று பனீரின் ஆயுள் சுருங்கிவிடுவது இதனால்தான்.

கெட்ட பனீர் பெரும்பாலும் புளிப்பதில்லை. உறைக்குள் தேங்கிய நீர் முதலில் கலங்குகிறது. பாளத்தின் மூலைகளில் விரலுக்கு வழுக்கும் ஒரு படலம் தோன்றுகிறது. சில வேளைகளில் இளமஞ்சளோ பச்சையோ படர்கிறது. சுவை கசந்து, வாடை காறுகிறது. இக்குறிகள் சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாப் பேரினத்தை, குறிப்பாக அதன் ஃப்ளூரசன்ஸ் குழுவை, முதல் ஐயத்துக்குரியதாக்குகின்றன. மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழும் இவை, குளிர்பதனப் பெட்டியின் 4 முதல் 7 டிகிரி வெப்பநிலையிலும் மெல்லப் பெருகக்கூடியவை. இரும்புச்சத்து அரிதான இடத்தில் அதைப் பற்றி இழுத்துக்கொள்ள அவை வெளியிடும் பையோவெர்டின் என்னும் பொருள் புற ஊதா விளக்கின்கீழ் பச்சையாக ஒளிர்வதே ‘ஃப்ளூரசன்ஸ்’ என்ற பெயருக்குக் காரணம்.

இங்கு ஒரு பழைய மாற்றத்தை நினைவுகூர வேண்டும். சிற்றூர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் ஊற்றப்படும் பால், கேன்களில் வெயிலில் பயணம் செய்த காலத்தில், வெப்பத்தில் விரைந்து வளரும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களே முந்திக்கொண்டன. பால் புளித்தது, திரிந்தது, அது கெட்டுவிட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. பாலை 4 டிகிரிக்குக் குளிர்விக்கும் பெருந்தொட்டிகள் வந்தபின் புளிப்போர் அடங்கினர். அவர்கள் விட்ட இடத்தில், குளிரைத் தாங்கும் சூடோமோனாஸ் தனியாக நின்றது. எனவே குளிர்பதனம் பாலின் ஆயுளை நீட்டியது உண்மையேயாயினும், கெடும் வினையையும் அது மாற்றியது. புளித்தலின் இடத்தில் கசத்தலும் காறலும் வந்தன. பால் நிலையங்களில் நெடுங்காலமாக நடைமுறையிலிருக்கும் மெத்திலீன் நீலச் சோதனை, பாலில் இட்ட நீலச் சாயம் எத்தனை மணி நேரத்தில் வெளுக்கிறது என்பதைக்கொண்டு பாக்டீரியாக்களின் பெருக்கத்தைக் கணிக்கிறது. எவ்வளவு என்ற கேள்விக்கு அதில் ஓரளவு விடை உண்டு. எது, எங்கிருந்து வந்தது என்ற கேள்விகளுக்கு அதில் இடமே இல்லை.

‘எது’ என்னும் கேள்வியும் பாலில்தான் முதலில் தெளிவு பெற்றது. பால் புளிக்கக் காரணமான பாக்டீரியாவை மற்றவற்றிலிருந்து தனியே பிரித்து வளர்ப்பதில் ஜோசஃப் லிஸ்டர் 1878-இல் வெற்றி கண்டார். தூய வளர்ப்பாகப் பிரிக்கப்பட்ட முதல் பாக்டீரியா அதுவே என்று கூறுவதுண்டு. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, கூழ்மத் தட்டில் வளர்த்து, நிறத்தையும் வடிவத்தையும் எந்தெந்தச் சர்க்கரையை உண்கிறது என்பதையும் பார்த்துப் பெயரிடுவதே முறையாக இருந்தது. இம்முறையின் குறை எளிதில் விளங்கும்: தட்டில் வைத்த உணவு பிடிக்காத உயிர் அந்த ஆய்வைப் பொறுத்தவரை இல்லாத உயிராகிவிடுகிறது.

மரபணுத்தொகுதி என்பது ஓர் உயிரின் டி.என்.ஏ. முழுவதையும் குறிக்கும். அதில் நான்கு வேதி எழுத்துகளே உள்ளன. அவை நிற்கும் வரிசையை முழுமையாக அறிவதே வரிசைப்படுத்தல். நீளமான ஒரு டி.என்.ஏ. இழையைத் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே மூச்சில் பிழையின்றி வாசிக்கும் கருவி இன்றும் எளிதில் வாய்ப்பதில்லை என்பதால், ஒரே பாக்டீரியாவின் கோடிக்கணக்கான செல்களிலிருந்து எடுத்த டி.என்.ஏ. கண்டபடி துண்டாக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டிலும் 150 முதல் 300 எழுத்துகள் வாசிக்கப்படுகின்றன. ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகள் வெவ்வேறு இடங்களில் செல்லரித்துக் கிடைத்தால், பதிப்பாசிரியர் ஒன்றில் அழிந்ததை மற்றொன்றில் கண்டு, ஒத்த வரிகளை ஒட்டி மூலத்தை மீட்பதைப் போல, கணினி துண்டுகளின் முனைகள் எங்கே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன என்று பார்த்து வரிசையைக் கட்டுகிறது. ஒரே வரி பலமுறை திரும்ப வரும் பகுதிகளில் பதிப்பாசிரியர் தடுமாறுவதுபோலவே கணினியும் தடுமாறும். அத்தகைய இடைவெளிகளோடு வெளியிடப்படுவது ‘வரைவு மரபணுத்தொகுதி’ எனப்படும். ஆயிரக்கணக்கான எழுத்துகளை ஒரே தொடராக வாசிக்கும் நானோபோர் போன்ற பின்வந்த முறைகள் இந்த இடைவெளிகளைப் பெருமளவு அடைக்கின்றன. வரிசை கைக்கு வந்தபின், அதில் எந்தப் பகுதி எந்தப் புரதத்துக்கான மரபணு என்று, ஏற்கெனவே அறியப்பட்டவற்றோடு ஒப்பிட்டுக் குறிப்பது உரை எழுதுவதை ஒத்த வேலை; மூலபாடத்தைவிட உரையில்தான் தவறுகள் அதிகம் என்பதும் இரண்டிடத்தும் உண்மை.

தனித்து வாழும் ஓர் உயிரின் மரபணுத்தொகுதி முதன்முதலில் முழுமையாக வாசிக்கப்பட்டது 1995-இல். அது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே என்னும் பாக்டீரியா, ஏறத்தாழ 18 லட்சம் எழுத்துகள். பாலாடைக்கட்டிக்கு உறையாக இடப்படும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸின் தொகுதி 2001-இல் பிரெஞ்சு ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. அது சுமார் 24 லட்சம் எழுத்துகளைக் கொண்டது. சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் குழுவினருக்கோ 60 முதல் 70 லட்சம். இந்த எண்ணிக்கைகளுக்குத் தனிப்பொருள் உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பாலிலேயே வளர்ந்த உறைப் பாக்டீரியா, பாலில் ஆயத்தமாகக் கிடைக்கும் பலவற்றைத் தானே செய்துகொள்ளும் திறனை இழந்து சுருங்கியிருக்கிறது. மண்ணிலும் ஓடையிலும் அலைந்து கிடைத்ததை உண்டு வாழும் சூடோமோனாஸ், எந்த நிலைமைக்கும் ஏதேனும் ஒரு கருவி வைத்திருக்கும் நாடோடியின் மூட்டையைப் போன்ற தொகுதியைச் சுமக்கிறது. பனீரின் பரப்பு அதற்குப் புதிய இடமாயினும் அங்கே வாழத் தேவையான எதுவும் அந்த மூட்டையில் இல்லாமல் இல்லை.

இந்த நாடோடி உலகச் செய்தியானது 2010 ஜூன் மாதத்தில். இத்தாலியின் துரின் நகரில், வாங்கி வந்த மொசரெல்லா உருண்டைகளின் உறையைத் திறந்ததும் அவை நீலமாக மாறுவதை நுகர்வோர் கண்டனர். ஏறத்தாழ 70,000 உருண்டைகள் பறிமுதல் செய்யப்பட்டன. ஜெர்மனியில் செய்யப்பட்டு இத்தாலியில் விற்கப்பட்ட அந்த மொசரெல்லாவும், பனீரைப் போலவே, முதிராத, நீர் மிகுந்த வகை. நீரில் மிதந்தபடியே உறையில் அடைக்கப்படுவது. நீலத்துக்குக் காரணம் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் குழு என்பது விரைவில் தெரிந்தது. ஆனால் அக்குழுவில் நீலம் உண்டாக்காதவையே மிகுதி என்பதால், பெயர் தெரிந்தது பாதி விடையாகவே நின்றது. பதுவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில பொது மரபணுக்களின் வரிசையை ஒப்பிட்டு, நீலம் உண்டாக்குபவை குடும்ப மரத்தின் ஒரே கிளையில் கூடி நிற்பதை 2014-இல் காட்டினர். பின்னர் முழுத் தொகுதிகளை ஒப்பிட்டபோது, டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலத்தை ஆக்கும் மரபணுக்களில் சில, நீலக் கிளையினரிடம் இரண்டாம் படியாகவும் இருப்பது தெரியவந்தது. ஒரு படி அன்றாட வேலைக்கு; கூடுதல் படி நிறமியாக்கத்தோடு தொடர்புடையது. மரபணுக்களை ஒவ்வொன்றாகக் குலைத்துப் பார்க்கும் சோதனைகள் இத்தொடர்பை வலுப்படுத்தின. மெத்திலீன் நீலச் சோதனையில் பாக்டீரியா மிகுந்தால் நீலம் மறைகிறது, மொசரெல்லாவிலோ நீலம் தோன்றுகிறது என்பது பால் அறிவியலின் சிறு முரண்களில் ஒன்று.

குளிருக்குத் தப்பியது இது என்றால், காலத்துக்குத் தப்பிய ஒன்றை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காணலாம். அங்கே, மாதக்கணக்கில் முதிர்ந்த செடார் பாலாடைக்கட்டிகளில், எல்லாம் முறையாக நடந்தபின்னும், உறை உப்பி உள்ளே வெடிப்புகள் விழும் குறை தொழிலை அலைக்கழித்தது. வழக்கமான வளர்ப்புத் தட்டுகளில் குற்றவாளி சிக்கவில்லை. யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் வெபர் மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் இறுதியில் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்கு, அங்குள்ள வாசாட்ச் மலைத்தொடரின் பெயரால் லாக்டோபாசில்லஸ் வாசாட்சென்சிஸ் என்று 2016-இல் பெயர் சூட்டப்பட்டது. 2020-இல் லாக்டோபாசில்லஸ் பேரினம் முழுவதும் மறுவகைப்படுத்தப்பட்டபோது அது பாசிலாக்டோபாசில்லஸ் என்னும் புதுப் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அதன் தொகுதி சுமார் 19 லட்சம் எழுத்துகளே. சூடோமோனாஸோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது விரும்பும் உணவு ரைபோஸ் என்னும் ஐந்து கரிமச் சர்க்கரை. பாலில் ரைபோஸ் கிடையாது; எனினும் முதிரும் பாலாடைக்கட்டியில் உறைப் பாக்டீரியாக்கள் வேலை முடிந்து மடிந்து உடையும்போது, அவற்றின் ஆர்.என்.ஏ. சிதைந்து ரைபோஸ் வெளிவருகிறது. இறந்தோர் விட்டுச்சென்றதை உண்டு பெருகும் இந்த உயிர், அருகில் கேலக்டோஸ் என்னும் பாற்சர்க்கரைத் துண்டும் எஞ்சியிருந்தால் அதையும் சேர்த்துண்டு கரியமில வாயுவை விடுகிறது. வழக்கமான தட்டில் ரைபோஸ் சேர்க்கப்படாததே அது நெடுநாள் கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம். உணவுப் பழக்கம் தெரிந்தபின், ரைபோஸ் கலந்த தட்டு அதைப் பிடிக்கும் பொறியானது. கேலக்டோஸை மிச்சம் வைக்கும் உறைப் பாக்டீரியாக்களைக் கலப்பதில் எச்சரிக்கை பிறந்தது. முதிரவைத்தல் என்னும் காப்பு முறையே அதற்குச் சோறிட்டது என்பதில், குளிர்பதனக் கதையின் வேறொரு வடிவத்தைக் காணலாம்.

சூட்டுக்குத் தப்பியவற்றில் மிகப் பழையதும் மிகுந்த இழப்பைத் தருவதும் கிளாஸ்ட்ரிடியம் டைரோபியூடிரிக்கம். அதன் வித்துகள் மண்ணிலிருந்து தீவனத்துக்கும், தீவனத்திலிருந்து சாணத்துக்கும், சாணம் ஒட்டிய மடியிலிருந்து பாலுக்கும் வருகின்றன. 72 டிகிரியில் 15 விநாடி வைக்கும் பாஸ்டர் முறை அவற்றைத் தொடுவதே இல்லை. லிட்டருக்குச் சில பத்து வித்துகளே இருந்தாலும், காற்றில்லாத பாலாடைக்கட்டியின் நடுவே அவை முளைத்து, லாக்டிக் அமிலத்தை உண்டு, பியூட்டிரிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் ஹைட்ரஜனையும் விடுகின்றன. 30 கிலோவுக்கு மேல் எடையுள்ள கிரானா பதானோ சக்கரம் ஒன்று பல மாத முதிர்ச்சிக்குப் பின் உப்பிப் பிளந்து, காறிய நெய்யின் கடுமையான வாடையோடு வீணாவது இதனால்தான். இவ்வாறு கெட்ட கிரானா பதானோவிலிருந்து எடுத்த கிளைவகை ஒன்றின் வரைவு மரபணுத்தொகுதியை இத்தாலிய ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டனர்.

இவ்வித்துகளின் முதன்மை ஊற்று ஊறுகாய்ப் புல், அதாவது பசுந்தீவனத்தைக் காற்றுப்புகாமல் அடைத்துப் புளிக்கவைத்த தீவனம். பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குப் பால் தரும் மாடுகளுக்கு ஊறுகாய்ப் புல் இடக்கூடாது என்று அதன் விதி தடுக்கிறது. கிரானா பதானோ அதை அனுமதித்து, ஈடாகக் கோழிமுட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைம் என்னும் நொதியைப் பாலில் சேர்த்து வித்துகளை அடக்குகிறது. முட்டைப் பொருள் கலந்த உணவு இந்திய விதிகளின்படி அசைவக் குறியைப் பெறும் என்பதால், இந்த இரண்டாம் வழி இந்தியப் பாலாடைக்கட்டிக்கு எளிதில் பொருந்தாது. வைக்கோலும் மேய்ச்சலும் முதன்மையாக இருந்தவரை, இவ்வித்துகள் பற்றிய கவலை காஞ்சிபுரம் வட்டாரத்தில் எழ இடமில்லை. மக்காச்சோள ஊறுகாய்ப் புல் பைகளில் அடைக்கப்பட்டு விற்கப்படும் இன்றைய நிலையில், மலைப்பகுதிப் பாலாடைக்கட்டித் தொழில் பாலை எங்கிருந்து வாங்குகிறது என்பதோடு அந்த மாடு எதைத் தின்கிறது என்பதையும் கேட்க வேண்டியிருக்கும்.

வெந்நீரும் ஒரு வழியாகலாம் என்பதற்கு அயர்லாந்து சான்று. சில பாலாடைக்கட்டிகளில் இளஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றுவது பல பத்தாண்டுகளாக விளங்காதிருந்தது. கார்க் நகரப் பல்கலைக்கழகத்தையும் டீகாஸ்க் ஆய்வு மையத்தையும் சேர்ந்த குழு, எதையும் வளர்க்க முயலாமல், பாலாடைக்கட்டியிலுள்ள டி.என்.ஏ. முழுவதையும் அப்படியே வாசித்தபோது, சிவந்த பகுதிகளில் தெர்மஸ் என்னும் பேரினத்தின் வரிசைகள் மிகுந்திருப்பதைக் கண்டது. 2016-இல் வெளியான அவ்வாய்வில், தெர்மஸ் தெர்மோஃபிலஸைப் பிரித்தெடுத்து நல்ல பாலாடைக்கட்டியில் சேர்த்து அதே சிவப்பை வருவித்துக் காட்டினர். 65, 70 டிகிரி சூட்டை விரும்பும் இந்த உயிர், ஆலையின் வெந்நீர் அமைப்பில் இருந்து வந்திருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. தூய்மைக்கென்றே வைத்த வெந்நீர், வேறெதுவும் வாழமுடியாத இடத்தை இதற்கு ஒதுக்கிக் கொடுத்தது. இதே பேரினத்தின் மற்றோர் உறுப்பினரான தெர்மஸ் அக்வாடிகஸ், 1960-களில் தாமஸ் பிராக்கால் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீரூற்றுகளில் கண்டெடுக்கப்பட்டது. கொதிக்கும் சூட்டை நெருங்கியும் சிதையாத அதன் நொதியே டி.என்.ஏ.யைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு உயிர்நாடியானது. குற்றவாளியின் உறவினரிடமிருந்து பெற்ற கருவி குற்றவாளிகளைத் தேடும் துறை முழுவதையும் வளர்த்தது என்று சொன்னால் மிகையாகாது.

அயர்லாந்துக் குழு நல்ல பாலாடைக்கட்டியில் பாக்டீரியாவை இட்டுப் பார்த்த இறுதிச் சோதனையை எளிதில் கடந்துவிடக் கூடாது. மரபணுத்தொகுதி காட்டுவது ஓர் உயிரால் என்ன இயலும் என்பதை. அது என்ன செய்தது என்பதை அன்று. சூடோமோனாஸ் குழுவில் ஏபிஆர்எக்ஸ் என்ற மரபணு தரும் புரதச்சிதைப்பு நொதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்நொதி, 135 டிகிரிக்கு மேல் சில விநாடி சூடாக்கும் உயர்வெப்ப முறைக்குப் பின்னும் ஓரளவு செயலோடு எஞ்சக்கூடியது. பாக்டீரியா மடிந்து பல வாரங்கள் கழித்தும், பெட்டிப்பாலைக் கசக்கவும் கெட்டிப்படவும் செய்வது. இம்மரபணு அக்குழுவில் பரவலாக இருந்தும், அதைச் சுமக்கும் கிளைவகைகளில் சில புரதத்தைக் கடுமையாகச் சிதைக்கின்றன, சில ஏறத்தாழ ஒன்றும் செய்வதில்லை. மரபணு இருப்பதைக் கண்டு பாலைக் கொட்டினால் நல்ல பாலும் வீணாகும். ‘வரிசைப்படுத்தினோம், காரணம் தெரிந்தது’ என்னும் தொனியில் வரும் செய்திகளை வாசகர் சற்று ஐயத்தோடு படிப்பது நல்லது; தட்டும் நாக்கும் மூக்கும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

பணத்தின் திசையும் கணக்கில் கொள்ள வேண்டியது. உணவில் வரும் நோய்க்கிருமிகளை முழுத் தொகுதி வாசிப்பால் பின்தொடரும் அமைப்புகள் பல நாடுகளில் அரசின் செலவில் நடக்கின்றன. லிஸ்டீரியாவால் மனிதர் இறக்கக்கூடும் என்பதால் அது நியாயமானதே. கெட்ட பனீரை உண்டவர் முகம் சுளிப்பார். பெரும்பாலும் அதற்குமேல் ஒன்றும் நேர்வதில்லை. இழப்பு, திரும்பி வந்த உறைகளாகச் செய்தவரின் வாசலில் வந்து நிற்கிறது. பெரிய ஆலைக்கு அது விழுக்காட்டுக் கணக்கு. நாளைக்கு ஒரு தொட்டி பாலைத் திரிக்கும் சிறு பட்டறைக்கு அன்றைய கூலி. 1998 முதல் உலகில் மிகுதியாகப் பால் கறக்கும் நாடாக இந்தியா இருந்தும், பாலாடைக்கட்டியைக் கெடுப்பவை பற்றிய மரபணுப் பதிவுகளில் ஐரோப்பாவும் வட அமெரிக்காவுமே நிறைந்திருக்கின்றன. ஒப்பிட்டே உரை எழுதும் துறையில் இது சிறு குறையன்று; பாலாற்றங்கரைக் கிணற்று நீரின் பாக்டீரியாவை ஜெர்மனியின் பவேரியா நீரில் வாழ்வதோடு மட்டும் ஒப்பிட்டால், நெருங்கிய உறவு எது என்பது தெரியாமலே போகும். கர்னாலிலுள்ள தேசியப் பால்பண்ணை ஆய்வு நிறுவனத்தின் பால் நுண்ணுயிர்க் காப்பகம் நல்ல உறைகளைச் சேமித்து வைத்திருப்பது போலவே, கெடுத்தவற்றையும் ஊர், நீர், காலம் குறித்துச் சேமித்து வாசிக்கும் வேலை, தமிழ்நாட்டில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகமும் அதன் உணவு, பால் தொழில்நுட்பக் கல்லூரியும் போன்ற நிறுவனங்களின் கைக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

அத்தகைய வேலை ஓரிக்கை வட்டாரத்தில் ஒரு சிறு பனீர்ப் பட்டறையில் தொடங்குமானால், முதலில் ஒற்றி எடுக்க வேண்டிய இடங்கள் நான்கைந்துதான்: கெட்ட பாளத்தின் வழுக்கும் மூலை, வடிதுணியின் மடிப்பு, கத்தியின் பிடி, குளிர்நீர்த் தொட்டியின் நீர்க்கோட்டுக்குச் சற்று மேலே படிந்திருக்கும் மெல்லிய படலம், அத்தொட்டியை நிரப்பும் குழாயின் உட்புறம். ஐந்திலிருந்தும் பிரித்த சூடோமோனாஸின் தொகுதிகளை அருகருகே வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால், 60 லட்சத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் ஒரு சில மட்டுமே வேறுபடும் இரண்டு, அண்மையில் ஒரே ஊற்றிலிருந்து பிரிந்தவை என்று பெரும்பாலும் கொள்ளலாம். பல்லாயிரக்கணக்கில் வேறுபட்டால், பெயர் ஒன்றாயினும் வழி வேறு. பாளத்தின் மூலையிலிருந்தது குழாயிலிருந்ததோடு ஒத்துப்போனால், புதுக் குளிர்பதனப் பெட்டி வாங்கும் செலவுக்கு முன், தொட்டிக்கு வரும் நீரைக் காய்ச்சி ஆறவைப்பதா, குளோரின் இடுவதா, குழாயையே மாற்றுவதா என்று பட்டறைக்காரர் கணக்குப் பார்க்கத் தொடங்கலாம். துணியோடு ஒத்துப்போனால் வேலை இன்னும் எளிது. பானையில் தண்ணீர் கொதிக்கும் நேரந்தான்.